கால் காந்துகிறது, மதமதக்கிறது: சர்க்கரைக்காரர்கள் மருந்துக்கடையில் கேட்கும் கேள்விகள்

காவிரிக் கடைமடைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், பேருந்து நிலையத்தை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 22 வருடம் ஆகிறது. எனக்கே சர்க்கரை வந்து 11 வருடம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அவர்களில் சில நூறு பேராவது மாதாமாதம் என் கல்லாவுக்கு எதிரே நிற்கிறார்கள். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, போகிற போக்கில் குரலைத் தணித்து, "அப்புறம் தம்பி, கால்ல என்னமோ பண்ணுது" என்பார்கள். அந்த "என்னமோ"வைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. காலைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது வரைக்கும் நான் சொல்கிறேன்.

சர்க்கரை இருக்கிறது, காலில் என்னமோ செய்கிறது. சர்க்கரையால்தானா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் "சுகர் இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற பதில் எனக்குப் பிடிக்காது. சர்க்கரையால் வருகிற நரம்புக் கோளாறுக்கு ஒரு போக்கு உண்டு. இரண்டு காலிலும் வரும். விரல் நுனியில் தொடங்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மேலே ஏறும், சாக்ஸ் போட்ட மாதிரி. முழங்காலை எட்டுகிற சமயத்தில்தான் கைவிரல் நுனியிலும் தெரிய ஆரம்பிக்கும்.

இந்தப் போக்கில் இல்லாத எதையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரு காலில் மட்டும் வந்தால், திடீரென்று வந்தால், கையில் முதலில் வந்தால், தொடையில் வந்தால், கால் பலம் குறைந்தால் வேறு காரணம் தேட வேண்டும். போக்கு சரியாக இருந்தாலும் கூடவே இன்னொரு காரணம் ஒளிந்திருக்கலாம். அது கடையில் நான் அடிக்கடி பார்ப்பது.

சர்க்கரை உடம்பு முழுக்க ஓடுகிறது. கால் மட்டும் ஏன் எரிகிறது?

எங்கள் பக்கத்து ஆட்களிடம் இதை விளக்குவது சுலபம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். கால் விரல் நரம்புக்குக் கடைமடை.

விரல் நுனியில் உணர்ச்சியை வாங்குகிற நரம்பின் உயிரணு இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஓர் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடி விரலுக்கு வருகிறது. அந்த இழைக்குத் தேவையான சரக்கெல்லாம் அந்த ஒரே அணுவிலிருந்து இழை வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் இரண்டு கெடுதல் நடக்கிறது. நரம்புக்குள் புகும் குளுக்கோஸ் சார்பிட்டால் போன்ற வேண்டாத பொருள்களாக மாறி நரம்பைக் கெடுக்கிறது. நரம்புக்குச் சோறு போடுகிற மயிரிழை இரத்தக் குழாய்களும் தடித்துச் சுருங்குகின்றன. வாய்க்கால் மேட்டில் அடைப்பு, போதாக்குறைக்குத் தண்ணீரும் கெட்டது. நுனி முதலில் வாடுகிறது. அதனால்தான் உயரமானவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்.

பகலில் ஒன்றும் தெரியவில்லை. படுத்தால்தான் ஆரம்பிக்கிறது. மனப்பிரமையா?

இல்லை. இந்த நோயின் குணமே அதுதான். பகலில் நடை, பேச்சு, வேலை என்று மூளைக்கு ஆயிரம் செய்தி போகிறது. இரவில் மற்ற சத்தமெல்லாம் அடங்கியதும் கால் அனுப்புகிற செய்தி மட்டும் மிஞ்சுகிறது. சிலருக்குப் போர்வை உரசினாலே வலிக்கும். ஓர் அம்மா காலை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார். வீட்டில் அதை வைத்துக் கேலி செய்தார்களாம். கேலி செய்தவர்களுக்குப் போர்வை வெறும் போர்வை. அவருக்கு அது உப்புத்தாள்.

டாக்டரிடம் போனால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எப்படி விளக்குவது?

"என்னமோ பண்ணுது" மட்டும் போதாது. தமிழில் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? அந்தச் சொற்களே பாதி துப்பைக் கொடுத்துவிடும்.

உள்ளங்கால் காந்துகிறது, அனல் அடிக்கிறது, ஊசி குத்துகிறது, எறும்பு ஊறுகிறது, சுருக்கென்று கரண்ட் அடிக்கிறது என்றால் மெல்லிய நரம்பிழைகள் அழுகின்றன என்று பொருள். மதமதப்பு, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருப்பது, தரையில் கால் பாவாதது, இதெல்லாம் தடித்த இழைகளின் புகார். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை அவைதான். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். டாக்டர் காது நிமிர்ந்து கேட்பார்.

உளைச்சல் என்றால் வேறு: காலை நீட்டவும் மடக்கவும் தோன்றிக்கொண்டே இருப்பது. நடந்தால் கெண்டைச் சதை இறுகுவது இன்னொன்று. இரண்டுக்கும் கீழே தனித்தனியாகப் பதில் இருக்கிறது.

சொல்லோடு இன்னும் மூன்று விவரம்: எந்த இடம், எந்த நேரம், என்ன செய்தால் கூடுகிறது அல்லது குறைகிறது. ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் எரிகிறதே?

நேற்றுக் காலை வெறும் வயிற்றில் 110 வந்தது என்பது நேற்றைய கணக்கு. நரம்பு பத்து வருடக் கணக்கை வைத்திருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை, கண்டுபிடிப்பதற்கு முன்பே சில வருடம் சத்தமில்லாமல் இருந்திருக்கும். அதனால்தான் இந்த வகைக்காரர்களுக்கு நோய் தெரிந்த நாளிலேயே காலையும் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். முதல் வகைக்காரர்களுக்கு ஐந்து வருடம் கழித்துத் தொடங்கலாம். அதன்பிறகு இரு சாராருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் உண்டு. மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 12, 13 என்று இருந்தவர் பயந்துபோய், பட்டினியும் இன்சுலினுமாக மூன்றே மாதத்தில் 7-க்கு இறக்குவார். எல்லோரும் பாராட்டுகிற நேரத்தில் கால் தீப்பற்றி எரியும். சராசரி மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் சடாரென்று இறங்கும்போது சிலருக்கு இப்படி வரும். 1933-லேயே இன்சுலின் தொடங்கிய நோயாளி ஒருவரிடம் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் படுத்தினாலும் பெரும்பாலும் மெல்ல அடங்கிவிடும். "மருந்து ஒத்துக்கல" என்று இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு வேகத்தில் இறக்குவது என்பதை மருத்துவரிடம் பேசுங்கள்.

சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் கால் மரத்துப்போகும் என்கிறார்களே?

மெட்ஃபார்மின் நேராக நரம்பைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. வருடக்கணக்கில், அதுவும் கூடின அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 இறங்கலாம். பி12 குறைந்தாலும் கால் மதமதக்கும், எரியும், தள்ளாடும். பார்வைக்குச் சர்க்கரை நரம்புக் கோளாறு மாதிரியே இருக்கும். குணத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுண்டு: இது ஊசியிலும் மாத்திரையிலும் சரியாகக்கூடியது. ஆனால் விட்டுவைத்தால் தண்டுவடம் வரைக்கும் போய்விடும்.

என் கடைச் சீட்டுகளில் அடிக்கடி பார்க்கும் ஜோடி: மெட்ஃபார்மினும், காலையில் வெறும் வயிற்றில் போடுகிற பேன்டோபிரசோலும். "கேஸ் மாத்திரை" என்று சொல்லி வாங்குவார்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற இந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட்டாலும் பி12 குறையும். அதோடு சைவச் சாப்பாடும் சேர்ந்தால் மூன்று பக்கமும் கசிவு. பி12 இறைச்சி, மீன், முட்டை, பால், தயிரில்தான் இருக்கிறது. காய்கறியில் இல்லை.

இரத்தத்தில் பி12 அளவு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேகத்துக்குரியது. மெட்ஃபார்மினில் நான்கைந்து வருடம் ஓட்டியவர் அந்த ஒரு பரிசோதனையை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. மெட்ஃபார்மினை நிறுத்தவும் தேவையில்லை.

அப்படியானால் ஒரு நரம்பு மாத்திரை கொடுங்கள்.

இதுதான் நான் அதிகம் சண்டை போடுகிற இடம். "நரம்பு மாத்திரை", "சத்து மாத்திரை", "சிவப்பு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதெல்லாம் பெரும்பாலும் பி வைட்டமின் கலவை. பி12 குறைந்தவருக்கு அது மருந்து. குறையாதவருக்குப் பெரிதாகப் பயனில்லை. இவ்வளவுதான் என்றால் காசு போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் பத்து நாள் பி12 சாப்பிட்டுவிட்டால் அறிக்கையில் அளவு நன்றாக இருப்பதுபோல் காட்டும். உண்மையில் குறைந்திருந்ததா என்பது மறைந்துபோகும்.

இன்னொன்று, அந்தக் கலவையில் பி6 இருக்கும். பி6 அளவுக்கு மீறி நெடுநாள் உள்ளே போனால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுத்து, மதமதப்பையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். ஒரு பெரியவர் மூன்று வேறு பெயரில் மூன்று பட்டை கொண்டுவந்து காட்டினார். மூன்று இடத்தில் எழுதித் தந்தது, மூன்றையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால் மூன்றிலும் பி6. "பேரு வேற வேறயா இருக்கே தம்பி" என்றார். பேர்தான் வேறு.

காச நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் விதிவிலக்கு. ஐசோனியசிட் மருந்து பி6-ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும். அதற்காகவே மருத்துவர் சிறிய அளவில் பி6 கொடுப்பார். அதை நிறுத்தக் கூடாது.

ஒரு காலில் மட்டும் இருக்கிறது.

அப்போது முதலில் முதுகைப் பாருங்கள். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகப் பாதம் வரை சுருக்கென்று இழுத்தால், இருமினால் கூடினால், முதுகெலும்புத் தட்டு நரம்பை நெருக்குகிறது என்று சந்தேகம். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு எரிந்து மரத்தால், இறுக்கமான பெல்ட், பாவாடை நாடா, தொப்பை, இவற்றில் ஏதோ ஒன்று இடுப்போரத்து நரம்பை அழுத்துகிறது. நாடாவைத் தளர்த்தினாலே சிலருக்குப் பாதி போய்விடும்.

தொடையில் பொறுக்க முடியாத வலி, வாரக்கணக்கில் தொடைச் சதை வற்றுகிறது, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, எடையும் இறங்குகிறது என்றால் அது சர்க்கரையால் வருகிற தனி வகைக் கோளாறாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய, சர்க்கரை அவ்வளவு மோசமாக இல்லாதவர்களுக்கும் வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் மாதங்கள் ஆக ஆகப் பெரும்பாலும் தேறிவருவார்கள். நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் கட்டிக்கொள்கிறது. நின்றால் சரியாகிறது.

இது இரத்த ஓட்டத்தின் புகார். காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருந்தால், நடக்கும்போது சதை கேட்கிற அளவுக்கு இரத்தம் வராது. நின்று இரண்டு மூன்று நிமிடத்தில் வலி போய்விடும், திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்ப வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனியில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் 1.3, 1.4 என்று வந்தாலும் மகிழ்ந்துவிடக் கூடாது.

நின்றால் போகவில்லை, உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் போகிறது என்றால் பழியை முதுகெலும்புக் குழாய்ச் சுருக்கத்தின் மேல் போடலாம். அவர்களுக்கு நடப்பதைவிட சைக்கிள் மிதிப்பது சுலபமாக இருக்கும்.

எரியவும் இல்லை, மரக்கவும் இல்லை. படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை.

நடுராத்திரியில் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பவர்களா? நடந்தால் நிம்மதி, படுத்தால் மறுபடியும் உளைச்சல். இது ஓயாக் கால் தொல்லை. சுவீடன் நாட்டு நரம்பியலாளர் கார்ல் ஆக்செல் எக்போம் 1945-இல் இதற்குப் பெயர் கொடுத்தார். சர்க்கரைக்காரர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், இரும்புச்சத்து குறைந்த பெண்களுக்கும் அதிகம். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்து, 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பார்கள்.

இதைச் சர்க்கரை நரம்புக் கோளாறு என்று எண்ணி, நரம்பு எரிச்சலுக்குத் தருகிற அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் கொடுத்தால் உளைச்சல் கூடிவிடும் வாய்ப்பு உண்டு. தும்மலுக்குப் போடுகிற, தூக்கம் வரவைக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். "எரியுதா, ஆட்டணும்போல இருக்கா" என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

தோலில் ஓரிடத்தில் வெளுத்திருக்கிறது. அங்கே மட்டும் உணர்ச்சி இல்லை.

உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொழுநோயாக இருக்கலாம். அது போய்விட்டது என்று நினைக்கிறோம். 2005-இல் நாட்டளவில் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலைக்குக் கொண்டுவந்தோம் என்பது நிஜம். ஆனால் இன்றும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், 6 முதல் 12 மாதத்தில் குணமாகும். சர்க்கரையும் இருப்பவருக்கு "மரத்துப்போறது சுகர்லதான்" என்று யாரும் சட்டையைத் தூக்கிப் பார்க்காமலே விட்டுவிடுவது நடக்கிறது.

நரம்பு டெஸ்ட் எடுத்தேன், நார்மல் என்கிறார்கள். ஆனால் எரிகிறது. யார் சொல்வது பொய்?

இரண்டும் உண்மை. நரம்பில் மின்சாரம் பாய்ச்சி வேகம் பார்க்கிற அந்தச் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலை உணர்த்துவது மெல்லிய இழைகள். அவை மட்டும் கெட்டிருந்தால் அறிக்கை சுத்தமாக வரும். அறிக்கையைக் காட்டி "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அநேகருக்கு அந்த விலை கூடிய சோதனையே தேவைப்படாது. 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழை, 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவை, ஓர் ஊசி, குதிகால் தசைநாணைத் தட்ட ஒரு சுத்தியல். ஐந்து நிமிட வேலை. அதிர்வை உணரும் அளவை வோல்டில் காட்டுகிற கருவியும் பெரிய சர்க்கரை மருத்துவமனைகளில் உண்டு. அதில் 25-ஐத் தாண்டினால் புண் வரும் ஆபத்து கூடுதல்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் கொண்டுவந்தது. கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரலால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஓரிரு நொடி மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கிறது. என் மனைவி எனக்கு இதை வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு செய்கிறாள். சென்ற சித்திரையில் இடது சுண்டுவிரல் ஒன்று தவறியது.

எரிச்சலுக்கு மாத்திரை இருக்கிறதா? அடிமையாகிவிடுவோமா?

இருக்கிறது. பிரிகாபலின், கபாபென்டின், டுலோக்ஸெடின், அமிட்ரிப்டிலின். இவை நரம்பைச் சரிசெய்வதில்லை, நரம்பு போடுகிற கூச்சலைக் குறைக்கின்றன. 2022-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு 130 பேரை வைத்து, கபாபென்டின் தவிர மற்ற மூன்றில் எதில் தொடங்கினாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைகிறது என்று காட்டியது. ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தால் கூடுதல் பலன். ஆகவே எந்த மாத்திரை என்பதை உங்கள் மற்ற நோய்கள்தான் தீர்மானிக்கும். புராஸ்டேட் தொல்லையோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவருக்கு அமிட்ரிப்டிலின் ஆகாது. சிறுநீரகம் பலவீனமானவருக்குப் பிரிகாபலின் அளவைக் குறைக்க வேண்டும். அதில் கால் வீக்கம், எடை, மந்தம் வரும். வயதானவர்கள் ராத்திரி சிறுநீருக்கு எழும்போது விழுவதும் இதனால்தான்.

வலி பாதியானால் அதையே வெற்றி என்கிறார்கள் மருத்துவர்கள். முழுவதும் போகவில்லையே என்று இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதென்றாலும் படிப்படியாகத்தான். பக்கத்து வீட்டுக்காரர் பட்டையைக் காட்டி "இதையே குடுங்க" என்று கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், சீட்டு வேண்டும்.

மிளகாயின் காரமான காப்சைசின் சேர்ந்த களிம்பும் உண்டு. சில நாள் எரிச்சலைக் கூட்டி, அப்புறம் குறைக்கும். தடவிய கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள்.

வெந்நீர், ஒத்தடம், எண்ணெய்?

எண்ணெய் தடவலாம், வெடிப்பு வராமல் காக்கும். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். வெந்நீரும் ஒத்தடமும் வேண்டவே வேண்டாம். மரத்துப்போன காலுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது, மறுநாள் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். ஆணிக்கால் பிளாஸ்டர் கேட்பவர்களுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

முன்பு எரிந்தது. இப்போது எரிச்சலே இல்லை. சரியாகிவிட்டதுதானே?

இதைச் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். எனக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

சரியாகியும் இருக்கலாம். ஆனால் அழுகிற இழைகள் செத்துப்போனாலும் அழுகை நிற்கும். நரம்பு கெட்டவர்களில் பாதிப் பேருக்கு எந்த உணர்வும் தோன்றாமலே போகிறது. எரிகிறவர் டாக்டரைத் தேடிப் போகிறார், எரியாதவர் போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரியவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, மாத்திரை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். சற்று நேரத்தில் பார்த்தால் வாசலில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. பையனை அனுப்பினேன். பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார், ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், தார் ரோட்டில், மே மாத மதியம் பன்னிரண்டு மணிக்கு. "அட, விட்டுட்டேனா" என்று சிரித்திருக்கிறார். அவரை உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். தோல் சிவந்து ரப்பர் மாதிரி இருந்தது. மாலையில் கொப்புளம் வந்துவிட்டது. அவர் எப்போதோ "எரிச்சல் போயிடுச்சு தம்பி" என்று சொன்னது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் சதையை நோய் தின்பதல்ல, வலி தெரியாததால் அவர்களே காயப்படுத்திக்கொள்வதுதான் என்று காட்டினார். ராத்திரி எலி கடித்துக்கூட விரல் போயிருக்கிறது, தூங்கினவருக்குத் தெரியவில்லை. அதே பாடத்தைப் பிற்பாடு சர்க்கரைக்காரர் பாதத்துக்கும் பொருத்தினார்கள். நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று வாங்குகிற மெத்தென்ற ரப்பர் செருப்பும் தொழுநோயாளிகளுக்காக அந்தப் பக்கத்தில் உருவானதுதான். வாங்கும்போது பின்வார் உள்ளதாகப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும். சாயங்காலம் போய் அளவு பாருங்கள், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ ஆணியோ இருந்தால் கால் சொல்லாது.

கோயிலில் செருப்புப் போட முடியாதே? கிரிவலம், பாதயாத்திரை?

உணர்ச்சி குறைந்தவர் மதிய நேரத்துப் பிரகாரத்தில் நடக்கக் கூடாது. காலை ஆறு மணிக்குப் போங்கள், கல் குளிர்ந்திருக்கும். பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு போனால் தடுக்கிற கோயிலை நான் பார்த்ததில்லை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை வெறுங்காலில் என்றால், நான் போகமாட்டேன். தீமிதி பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எங்கள் வீட்டிலேயே சண்டை.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், அந்தக் காலை ஊன்றவே கூடாது. விரல் கறுத்தால், புண்ணில் நாற்றமோ நீரோ வந்தால், கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே. இரண்டு காலும் பலமிழந்து சில நாளில் மேலே ஏறினால், அல்லது சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால் அந்த மணி நேரமே. முகமும் ஒரு பக்கக் கை காலும் ஒன்றாக மரத்தால் 108.

இது குணமாகுமா?

செத்த இழை திரும்ப வருவது அரிது. கெட்ட இழை தேறலாம், ஆனால் நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், அதுவும் சர்க்கரைக்காரருக்கு இன்னும் மந்தம். மேலே ஏறாமல் நிறுத்துவதுதான் நடக்கக்கூடிய காரியம். முதல் வகைக்காரர்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு நரம்புக் கோளாறு 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகைக்கு அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. நமக்கு இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தைராய்டு குறைவும் குடியும் தனியாகவே நரம்பைக் கெடுக்கும், அவற்றையும் பார்க்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டுமா?

மாத்திரை வருகிறது, நல்ல திட்டம். ஆனால் கால் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறதே. வருடத்துக்கு ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி மேசை மேல் காலை வையுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் வையுங்கள்.

கடையில் உங்களிடம் காலைக் காட்டலாமா?

காட்டலாம். கழுவிவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி முதல் நாலு மணி வரை கடை சாத்தியிருக்கும், அந்த வெயிலில் வாசலில் நிற்க வேண்டாம்.